ஏசி கம்ப்ரசரில் காற்றடிக்கலாம். அந்தக் காற்றைக் காலி கேஸ் கேனில் சேர்த்துவைக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய கார் ஏசி கம்ப்ரசரை வாங்கி, ஜீப்பிலும் டிராக்டரிலும் பூட்டி, டயருக்குக் காற்றடிக்கவும் ரேடியேட்டர் தூசியை ஊதவும் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஒரு சுற்றுக்கு 138 சிசி இழுக்கும் சாண்டன் 508 வகை கம்ப்ரசர் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் 138 லிட்டர் காற்றை இழுக்கும். அழுத்தம் ஏறும்போது பாதிதான் தேறும் என்று வைத்தாலும், 235/75 ஆர்15 டயரை 18 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு ஏற்றத் தேவையான 70 லிட்டர் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். லைட்டர் சாக்கெட்டில் சொருகும் பம்பு அந்த நேரத்தில் சத்தம் போடும், அவ்வளவுதான்.

ஆனால் பூட்டிய சில நாளிலேயே பல கம்ப்ரசர்கள் இறுகிவிடுகின்றன. காரணம் எண்ணெய். ஏசியில் இருந்தவரை எண்ணெய் கேஸோடு சுற்றிவிட்டுத் திரும்பக் கம்ப்ரசருக்கே வந்துவிடும். காற்றடிக்கும்போது போனது போனதுதான். அதனால் ஓடும்போதே எண்ணெய் ஊட்ட வேண்டும். முதலில் பழைய எண்ணெயை முழுதாக வடித்துவிட வேண்டும். பேக் (PAG) எனப்படும் அந்த ஏசி எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். பிறகு, இழுக்கும் பக்கம் ஏர் ஃபில்டரை அடுத்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் ஒரு லூப்ரிகேட்டர் வைத்து, ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி திருக வேண்டும். ஊற்றுவது 100 கிரேடு கம்ப்ரசர் எண்ணெய். சிலர் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் அடைக்கிறார்கள். எப்போதாவது ஒரு டயருக்கு என்றால் ஓடும். நாள் முழுக்க ஊத உதவாது. யார்க் வகை கம்ப்ரசரில் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு, இந்தத் தொல்லை குறைவு. கிடைத்தால் விடாதீர்கள்.

உள்ளே கழுவ பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டவே வேண்டாம். மிஞ்சிய ஆவி காற்றோடு நெருக்கப்பட்டுச் சூடேறினால் டீசல் எஞ்சின் போலத் தீப்பிடிக்கும்.

வாங்கும்போது, புல்லியோடு கம்ப்ரசரைச் சேர்க்கும் காந்தக் கிளட்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வெளியேறும் துளையைக் கட்டைவிரலால் அடைத்தால் விரலை விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். நறநறவென்றால் கீழே வையுங்கள். வடித்த எண்ணெயில் வெள்ளிப்பொடி மின்னினால் பிஸ்டன் தேய்ந்தாயிற்று. கிளட்ச் காயில் 3 முதல் 4 ஓம் காட்டினால் அது 12 வோல்ட் காயில். பஸ்ஸில் கழற்றிய 24 வோல்ட் காயில் ஜீப்பில் இறுக்கிப் பிடிக்காது, வழுக்கிக் கருகும். கிளட்ச் முன்தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். கிளட்ச் இல்லாமல் வெறும் புல்லியோடு வரும் புதுவகை கம்ப்ரசர் இந்த வேலைக்கு ஆகாது. கேஸ் இருக்கும் வண்டியில் பைப்பை அப்படியே தளர்த்தாதீர்கள், கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெக்கவரி மெஷினில் இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ, 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வெளியேறும் காற்று நூறு டிகிரியை எளிதில் தாண்டும். பிவிசி ஹோஸ் இளகிவிடும். ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ், அடுத்து ஒருவழி வால்வு, எண்ணெய்-தண்ணீர் பிரிப்பான், டாங்கி என்று வரிசையாக வர வேண்டும். 90 பிஎஸ்ஐக்குச் சேர்ந்து 120க்கு வெட்டும் பிரஷர் சுவிட்ச் ரிலே வழியாகக் கிளட்சை இயக்கட்டும்; கிளட்ச் இழுப்பது 4 ஆம்பியர்தான், 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். 150 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வு நேராக டாங்கியிலேயே இருக்க வேண்டும், இடையில் எந்த அடைப்பு வால்வும் கூடாது.

இந்தக் கடிதம் எழுதியதே டாங்கிக்காகத்தான். 13.6 கிலோ ஆர்134ஏ வந்த காலி கேனைத்தான் பலர் டாங்கி ஆக்குகிறார்கள். "260 பிஎஸ்ஐ என்று அதிலேயே அடித்திருக்கிறதே" என்பது அவர்கள் வாதம். அது ஈரமில்லாத கேஸை ஒரே ஒருமுறை நிரப்ப அடித்த எண். கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரும் வரும். அடியில் வடிகுழாய் கிடையாது. தேங்கிய தண்ணீர் மெல்லிய தகட்டை உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். அந்தக் கேனில் வெல்டிங் வைத்து நிப்பிள் பொருத்தினால் இன்னும் மோசம். லாரி ஏர் பிரேக் டாங்கி பழையதே கிடைக்கிறது. அதில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றிச் சோதித்துவிட்டுப் பூட்டலாம். தினமும் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும்.

ஏசி கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலி கேனை எடைக்குப் போடும்முன் மிச்ச கேஸை மெஷினில் இழுத்துவிட்டு, வால்வைத் திறந்து, பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன ஏசி பழுதுபார்ப்போர் சிலர்,
உக்கடம், கோவை.