குப்பை பிளாண்டை ஊரின் தலைமாட்டில் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும் வார்டு மெம்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். வீடு வீடாகப் போய்க் குப்பை எடுக்கும் நம் பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனையில் நாலு வருஷமாக இருக்கிறேன். பச்சைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை உங்கள் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறவள்தான். ஐம்பது ரூபாயைத் தயாராக எடுத்து வைத்திருப்பீர்கள். சில வீடுகளில் மோர் கொடுத்துத் திண்ணையில் உட்காரச் சொல்வீர்கள். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்கு எல்லையில் கல் வெட்டி எடுத்துக் கைவிட்டுக் கிடக்கும் பாறைக்குழியை ஒட்டிய புறம்போக்கில் குப்பை பிளாண்ட் கட்டுவதென்று கமிட்டியில் பேசியிருக்கிறீர்கள். நம் குப்பையோடு பக்கத்துப் பஞ்சாயத்துகளின் குப்பையும் அங்கே வருமாம். தரம் பிரிக்க ஒரு கொட்டகை, உரமாக்கத் தொட்டிகள், எதற்கும் ஆகாமல் மிஞ்சுவதைப் போட்டுவைக்கப் பாறைக்குழியில் ஒரு பகுதி என்று திட்டம். பிளாண்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சித்திரை வெயிலில் எம்.சி.எஃப். என்கிற குப்பை சேர்க்கும் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, கழுவாத பால் கவர் நாற்றத்தில் பிரிக்கிறவர்கள் நாங்கள். நல்ல இடம் ஒன்று வேண்டும் என்று முதலில் மனு கொடுத்தவர்களும் நாங்கள்தான். என் வழக்கு அந்தப் பாறைக்குழியோடு மட்டும்.

"அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அதுக்கு அப்புறம் தமிழ்நாடு" என்று ஒரு மெம்பர் என்னிடம் சொன்னார். மேப்பில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பஞ்சாயத்து ஆபீஸ் மேற்கே ரோட்டோரம் இருக்கிறது, பாறைக்குழி கிழக்கே கடைசி மூலையில். ஆனால் பாலக்காடு மாவட்டத்தில் நம் சித்தூர் தாலூக்கில் தண்ணீர் கிழக்கே இருந்துதான் மேற்கே வருகிறது. பாறைக்குழியின் தெற்குப் பக்கத்தில் தொடங்கும் ஓடைப் பள்ளம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இறங்கி, அங்கன்வாடிக்குப் பின்னால் வளைந்து, நம் வார்டுகள் மூன்றைத் தாண்டிப் போகிறது. அது கோரையாற்றில் சேரும், கோரையாறு கல்பாத்திப்புழையில், கல்பாத்திப்புழை பாரதப்புழையில். நீங்கள் ஓரம் என்று நினைக்கிற இடம் ஊரின் தலைமாடு. அங்கே எதை வைத்தாலும் ஊர் முழுக்க இறங்கி வரும்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு ராத்திரியில் எங்கிருந்தோ வந்த லாரி அந்தப் பாறைக்குழியில் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது. காலையில் போய்ப் பார்த்தால் முப்பது நாற்பது சாக்கு. நாங்கள் நாலு பேர் கையுறையோடு இறங்கினோம். முதல் சாக்கை அவிழ்த்ததும் டிரிப்ஸ் குழாய்களும் ரத்தம் காய்ந்த பஞ்சும். இரண்டாவதில் கோழிக் கழிவு, இறகோடு. பாதிச் சாக்குகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தன. போலீஸ் வந்தது, படம் எடுத்தது. மேலே இருந்ததை அள்ளினோம், அடியில் போனதை யாரும் எடுக்கவில்லை.

மழை மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் என் மாமியார் கிணற்றில் இறைத்த வாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்தது மாதிரி ஒரு படலம், விரலால் தொட்டால் விலகி மறுபடியும் சேர்ந்துகொண்டது. முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை. அந்தக் கிணறு பாறைக்குழியிலிருந்து பள்ளத்தோடு நடந்தால் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. தை பிறக்கும் வரை அந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றவில்லை. எழுபது வயதில் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றார். ஒரே ஒரு லாரிக் குப்பைக்கு இந்தக் கதி. நாள் தவறாமல் பல பஞ்சாயத்துகளின் வண்டி வந்து மிச்சத்தை இறக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

"அடியில் பாறை, தண்ணீர் இறங்காது" என்று இன்ஜினீயர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது பல வருஷம் வெடி வைத்துப் பிளந்த பாறை. என் மாமனார் அங்கே வேலை பார்த்தவர். வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுச் சுவரிலேயே விரிசல் விழும் என்பார். சுவரிலேயே விழுந்தது, பாறையில் விழுந்திருக்காதா?

நம் தண்ணீர் நிலைமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கேரளம் என்றால் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை என்பார்கள். கிழக்குச் சித்தூரில் அதில் பாதிகூடக் கிடையாது. மணக்கடவில் தமிழ்நாடு தரவேண்டிய 7.25 டி.எம்.சி. ஆழியாற்றுத் தண்ணீருக்காக ஒவ்வொரு கோடையும் பேச்சுவார்த்தையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2017இல் கணக்கெடுத்தபோது, கேரளத்தில் அந்தப் பட்டியலில் வந்தது நம் சித்தூர் பிளாக். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வந்த தோப்புகள் என் வார்டிலேயே உண்டு. இப்படிப்பட்ட ஊரில் பாறைக்குழித் தண்ணீர் என்பது மாசி, பங்குனியில் மாடு குடிப்பதற்கு மிஞ்சியிருக்கும் கடைசித் தண்ணீர்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன், என் மகள் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைப் புதைக்கும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டராவது, குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. இது லேண்ட்ஃபில்லுக்கான விதி, நாம் கட்டுவது பிளாண்ட் என்று பதில் வரும். பிளாண்டில் மிஞ்சியதைக் குழியில் போட்டு, அது அங்கேயே கிடந்தால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது புதைகுழிதான். அந்தக் குழி குளமாக நிற்கிறது என்பதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

பிளாச்சிமடை நமக்கு எட்டாத ஊர் இல்லை. பெருமாட்டிப் பஞ்சாயத்து, நம் தாலூக்கேதான். 2000இல் அங்கே குளிர்பான ஆலை திறந்தபோது வேலை வரும் என்றார்கள். ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், அவர்களும் நம்பித் தோப்பில் போட்டார்கள். பிறகு சோதித்தபோது அந்தச் சேற்றில் காட்மியம் இருந்தது. 2002 ஏப்ரலில் பந்தல் போட்டு உட்கார்ந்த ஆதிவாசிப் பெண்களில் மயிலம்மா இருந்தார். 2003இல் ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொன்னது பெருமாட்டிப் பஞ்சாயத்து, உங்களைப் போன்ற ஒரு கமிட்டி. 2004இல் ஆலை நின்றது. இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று 2010இல் அரசின் உயர்மட்டக் குழு கணக்குப் போட்டது. 2011இல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது, அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கெட்ட கிணற்றை நல்லதாக்க எந்த ஆபீஸாலும் முடியாது என்று நான் பயப்படுவதற்கு அந்த ஊர்தான் காரணம்.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம். பாறைக்குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக் கணக்கில் வருகிறது. என் சித்தி மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாரியம்மன் நோன்புக்கு அவர்கள் இங்கே வருவார்கள், நாங்கள் அங்கே போவோம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று நமக்குத் தெரியும். அந்தக் காற்றில் கொட்டகையின் பிளாஸ்டிக் கவர் எல்லாம் அவர்கள் தக்காளிக் காட்டில்தான் போய் விழும். மார்கழி, தையில் காற்று கிழக்கேயிருந்து திரும்பி நம் பக்கம் வீசும், வாடை நமக்கு. நம் கிராம சபையில் கை தூக்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனாலேயே அவர்களுக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரில் கொண்டுபோய்க் கொட்டி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளி வந்ததே, அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பக்கமும் சொந்தம் வைத்திருக்கிற நமக்கு அந்த வெட்கம் மறுபடியும் வரக் கூடாது.

இன்னொரு குறை, இதை வருத்தத்தோடு சொல்கிறேன். இந்தத் திட்டத்தைப் பற்றிய நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டது. பாறைக்குழிப் பக்கத்துச் சாளைகளில் இருப்பவர்கள் கள்ளு இறக்குகிறவர்களும் தோப்பு வேலைக்குப் போகிறவர்களும். மலையாளம் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும் என்கிறது. தங்கள் கிணற்றைப் பற்றிய நோட்டீஸை ஒரு அக்கா என்னிடம் கொண்டுவந்து, "இது ரேஷன் கார்டு விஷயமா கண்ணு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. கிராம சபைக்கு வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால் கூட்டம் செல்லுபடியாக வேண்டிய கோரம் ஆகிவிடும். ஆனால் எதற்காக வந்தோம் என்று தெரிந்து வரவேண்டும் அல்லவா?

சரி, வேறு எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். குப்பை எங்கே உண்டாகிறதோ அங்கே வையுங்கள். சந்தைக்குப் பின்னால் பஞ்சாயத்து இடம் சும்மா கிடக்கிறது. பழைய கிடங்கு இருந்த இடம், ரோடு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, பள்ளமும் கிணறும் பக்கத்தில் இல்லை. என் வீட்டிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. தெரிந்தேதான் சொல்கிறேன். கொட்டகை அங்கே வரட்டும். மட்கும் குப்பைக்கு வார்டுக்கு இரண்டு தும்பூர்முழித் தொட்டி போதும். பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி விட்ட நாலடிச் சதுரத் தொட்டி, சாணம் ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு, குப்பை ஒரு அடுக்கு. பயிற்சிக்குப் போன இடத்தில் அதற்குள் ஒரு கம்பியைச் செருகி எடுத்துக் கொடுத்தார்கள். சூட்டில் கையில் பிடிக்க முடியவில்லை. வாடையும் இல்லை. மூன்று மாதத்தில் உரம். சருகுக்கும் சாணத்துக்கும் நம் ஊரில் என்ன பஞ்சம்?

ஆலப்புழை நகரத்துக் குப்பை வருஷக்கணக்கில் மாராரிக்குளம் தெற்குப் பஞ்சாயத்தில் சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012இல் அந்த ஊர்க்காரர்கள் வண்டிகளை மறித்த பிறகுதான், நகரம் வீட்டுக்கு பயோகேஸ், தெருவுக்குத் தொட்டி என்று மாறியது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய ஐந்து நகரங்களில் அது ஒன்று. மற்ற பக்கத்தையும் பாருங்கள்: திருவனந்தபுரம் நகரத்துக் குப்பை போன விளப்பில்சாலையில் பஞ்சாயத்தே 2011 டிசம்பரில் பிளாண்டைப் பூட்டியது. கொச்சிக் குப்பையைக் கொட்டும் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பிடித்த தீ பத்து நாளுக்கும் மேல் எரிந்தது, கொச்சியே புகையில் மூச்சுத் திணறியது.

எங்கள் வேலையில் உண்மையான தலைவலி பாம்பர்ஸும் நாப்கினும்தான். அவற்றை நாங்கள் எடுப்பதில்லை, எடுத்துப் போட இடமும் இல்லை. ராத்திரியில் பள்ளத்தில் வந்து விழுவது அவைதான். பிளாண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் இதற்கு முறையான எரிகலன் ஒன்று, மற்ற பஞ்சாயத்துகளோடு சேர்ந்தாவது, ஏற்பாடு செய்யுங்கள். அப்படிச் செய்தால் பாறைக்குழியில் போட்டுவைக்க மிஞ்சுவது மிகவும் குறைந்துவிடும். மிஞ்சியதை அரசின் கிளீன் கேரளா கம்பெனி வண்டி எடுத்துப் போகட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: முடிவை ஐப்பசி மழை முடியும் வரை தள்ளி வையுங்கள், நோட்டீஸைத் தமிழில் ஒட்டுங்கள், பள்ளத்தை ஒட்டிய மூன்று வார்டுகளிலும் தனித்தனியாகக் கிராம சபை கூட்டுங்கள்.

மழை பிடித்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பாறைக்குழிக் கரையில் நிற்பேன். தலைவர் அவர்களும், வர முடிந்த மெம்பர்களும் வாருங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியிலேயே இறங்கி நடப்போம். வழி முடிகிற இடம் மாமியார் வீட்டுக் கிணறு. இப்போது தண்ணீர் தெளிந்திருக்கிறது. அதில் டீ போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனை உறுப்பினர் ஒருத்தி