பூங்கா சீரமைப்புப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாம் சேர்ந்து தொடங்கிய பூங்கா வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம். என்ன செய்தோம், எங்கே தவறினோம், எது பாக்கி என்பதை இங்கே சொல்கிறோம்.

முதல் வரைபடத்தில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்று பின்பக்கம் வேலி போட்டு ஒரு தனி இடம் ஒதுக்கியிருந்தோம். நல்லெண்ணத்தில்தான். பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து, "என் பொண்ணு அங்க யாரோட விளையாடுவா?" என்று கேட்டார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்த வரைபடத்தை அன்றே ஒதுக்கி வைத்தோம். அப்புறம்தான் ரொனால்ட் மேஸ் பற்றிப் படித்தோம். சிறுவயதில் போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அவர். எதையும் எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதற்கென அவரும் குழுவினரும் 1997இல் வகுத்த ஏழு கொள்கைகளில் முதலாவதே, யாரையும் தனியே பிரித்து ஒதுக்காதே என்கிறது. அந்தத் தாய் கேட்டதும் அதுதான்.

வாசலில் மூன்று படிகள், மொத்தம் 45 செ.மீ. உயரம். இரண்டு மீட்டருக்குச் சாய்தளம் போட்டால் போதும் என்றார்கள் சிலர். ஆனால் ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட அளவு, அப்படியானால் 5.4 மீட்டர் வேண்டும். நேராகப் போட இடமில்லாததால் மதிலை ஒட்டித் திருப்பினோம். திரும்பும் இடத்தில் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமதளம் விட்டிருக்கிறோம். சக்கர நாற்காலி நின்று திரும்ப அவ்வளவு தேவை. படிகளை இடிக்கவில்லை. மூட்டுவலி உள்ள சிலருக்குச் சரிவில் இறங்குவதைவிட, கம்பியைப் பிடித்துப் படியில் இறங்குவதுதான் சுலபம். படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை அடித்திருக்கிறோம். பைக்கைத் தடுக்க வைத்திருந்த சுழல் கேட்டை எடுத்துவிட்டு, 90 செ.மீ. இடைவெளியில் தூண்கள் நட்டோம். அதில் பைக்கும் நுழையத்தான் செய்யும். அதைக் காவலர் பார்த்துக்கொள்வார். சக்கர நாற்காலியை வெளியே நிறுத்துவதைவிட இது மேல்.

விளையாடும் இடத்தில் மணலை எடுத்துவிட்டு ரப்பர் தளம் போட்டோம். மணலில் நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிடும். ராட்டினத்தின் தட்டைத் தரைமட்டத்துக்கு இறக்கினோம். திறந்த அன்று மாலை அந்தத் தாயின் மகள் நாற்காலியோடு உருண்டு ஏறி, பிரேக்கைப் போட்டுவிட்டு, "தள்ளுங்க" என்றாள். நான்கு குழந்தைகள் தள்ளினார்கள். மூன்றாவது சுற்றில் "இன்னும் வேகமா!" என்ற கத்தல் வாசல்வரை கேட்டது. மணல் எங்கே என்று கேட்ட பிள்ளைகளுக்காக, ஓர் ஓரத்தில் மணல் குழி, அதை ஒட்டி, கீழே முழங்கால் நுழையும் உயரத்தில் மணல் மேசை வைத்திருக்கிறோம்.

பழைய கல் பெஞ்சுகள் தாழ்வானவை, கைப்பிடியும் இல்லை. புதியவை 45 செ.மீ. உயரம்; முதுகுச் சாய்வும் இருபுறமும் கைப்பிடியும் உண்டு. மூத்த உறுப்பினர் ஒருவர் மாதிரி பெஞ்சில் ஆறு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துச் சரி சொன்ன பிறகே மற்றவற்றைச் செய்யச் சொன்னோம். ஒவ்வொரு பெஞ்சின் பக்கத்திலும் ஒரு சக்கர நாற்காலி நிற்க இடம் உண்டு. துணையோடு வருபவர் பாதையில் தனியே நிற்க வேண்டியதில்லை.

பெரிய தவறு தடவழி ஓடுகளில், அதாவது பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழியறியப் பாதையில் பதிக்கும் மேடுள்ள ஓடுகளில் நடந்தது. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965இல் உருவாக்கியவை அவை. நீள வரி என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், கவனி. ஒரு திருப்பத்தில் அவற்றை அழகுக்காக மாற்றி மாற்றிப் பதித்துவிட்டார்கள். எங்கள் கண்ணுக்குத் தப்பியது. பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் வெண்கோலோடு நடந்து வந்து அந்த இடத்தில் நின்று, "இங்க என்ன சொல்றீங்க, போகணுமா நிக்கணுமா?" என்றார். பெயர்த்து மறுபடி பதித்தோம். வேலையைத் தொடங்கும்போதே அவரை அழைத்திருக்க வேண்டும்.

கழிவறைக் கதவு உள்பக்கம் திறந்தது. நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. இப்போது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு.

ஊஞ்சலிலிருந்து தள்ளி, செடிகள் மறைக்கும் ஓர் அமைதி மூலையும் இருக்கிறது. இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தைகளை நினைத்துச் செய்தது. கைக்குழந்தைகளைத் தூங்க வைப்பவர்களும் அங்கே உட்காருகிறார்கள். அதுவும் சந்தோஷம்தான்.

பாக்கி இரண்டு. முதுகைத் தாங்கும் ஊஞ்சல் இருக்கை இன்னும் வந்து சேரவில்லை. நட்ட மரங்கள் நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். ரப்பர் தளம் வெயிலில் சுடும் என்பதால் அதுவரை துணிப்பந்தல் இருக்கும். உச்சிவேளையில் குழந்தைகளைச் செருப்போடு விளையாட விடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: சாய்தளம் தொடங்கும் இடத்தில் வண்டி நிறுத்த வேண்டாம், தடவழி ஓடுகள்மேல் எதையும் வைக்க வேண்டாம். போன வாரம் குப்பைத்தொட்டியை இரண்டு முறை நகர்த்த வேண்டியிருந்தது.

பணிக்குழு