விடுன்னு கத்துனது

பாப்பா,

நேத்து போன்ல நீ கேட்டப்ப பேச்ச மாத்திட்டேன், பக்கத்துல அப்பத்தா உக்காந்திருந்துச்சு, ஸ்பீக்கர்ல வேற போட்டிருந்தேன். 2026 ஆகஸ்ட்ல பொம்பளைங்க டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் மோன் வோந்தூ மலைக்குப் போகுது, வர்றியாம்மான்னு கேட்ட. கேட்டுட்டு ஒடனே "இந்த தடவ நான் தள்ள மாட்டேன் பயப்படாத"ன்னு சிரிச்ச பாரு, அந்த சிரிப்புதான் ராத்திரி தூங்க விடல. அப்ப நீ அத இன்னும் மனசுல வச்சிருக்க. அதான் எழுதறேன், வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதியில அழுது தொலச்சிருவேன்.

2024 ஆகஸ்ட்ல அந்த ரேஸ் பாக்க பிரான்ஸ்ல ஒன்கூட இருந்த பத்து நாள் மாதிரி எனக்கு வாழ்க்கையில வந்ததில்லடி. அங்கன்வாடியில லீவு வாங்க நான் பட்ட பாடு தனிக் கதை. அன்சி ஏரிய சுத்தி சைக்கிள்ல போனோமே, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், பெரும்பாலும் சைக்கிளுக்குன்னே தனி ரோடு, ஒரு லாரி ஹாரன் கெடையாது, பாதி வழியில புல்லுல உக்காந்து நான் கொண்டாந்த புளிக்காய்ச்சல்ல சோறு பெசஞ்சு தின்னோம். சனிக்கிழம லெ கிராண் போர்னான்ல ரேஸ் முடியறத பாத்தோம், நாலு மணி நேரம் நின்னு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிட்டாளுக. அதுக்கு முன்னாடி வெளம்பர வண்டிக தொப்பியும் பிஸ்கட்டும் வீசிட்டுப் போனாங்க பாரு, அதுக்குத்தான் நான் ஜாஸ்தி சந்தோசப்பட்டேன். அந்தத் தொப்பிய அப்பத்தா இன்னைக்கும் கொல்லையில வெறகு பொறுக்கறப்ப போட்டுக்குது.

அன்னைக்கு ராத்திரியே வேன எடுத்துக்கிட்டு மலையடிவாரத்துல இருக்க பூர்க் துவாசான் வந்துட்டோம். மறுநாள் ஞாயித்துக்கிழம, ஆகஸ்ட் 18, ஆல்ப் துவெஸ் மலை. 13.8 கிலோமீட்டர் ஏத்தம், 21 ஹேர்பின் பெண்ட், கீழ 21ல ஆரம்பிச்சு மேல போகப் போக நம்பர் கொறையுது, ஒவ்வொரு பெண்ட்லயும் போர்டுல ஜெயிச்சவங்க பேரு. நான் வாடகை பேட்டரி சைக்கிள், நீ ஒன் சொந்த வண்டி. ஆரம்பத்துல ரெண்டு கிலோமீட்டர் செவுரு மாதிரி இருக்கும்மா, மெதுவா போன்னு சொன்ன, நான் கேக்காம பேட்டரிய ஜாஸ்தியா இழுக்கற டர்போல போட்டு ஒன்னையே முந்திட்டுப் போனேன். அதோட பலன் ஒம்பதாவது பெண்ட் கிட்ட தெரிஞ்சுது. பேட்டரி காலி. கரண்ட் இல்லாத அந்த வண்டி எரும மாதிரி கனக்குது, மிதிச்சா ஒரு சுத்து கூட வர மாட்டேங்குது, நீ பின்னாடி வந்து என் முதுகுல கைய வச்சு தள்ளுன.

நான் விடுன்னு கத்துனேன். ரெண்டு தடவ. ரோட்டோரம் சேர் போட்டு உக்காந்திருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, ஒன் மொகம் செத்துப் போச்சு.

நான் சைக்கிள் படிச்சது ஒனக்கு அரகொறயாத்தான் தெரியும். எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்க அறிவொளி இயக்கம் வந்து புதுக்கோட்ட மாவட்டமே சைக்கிள் பழகுன நேரம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர், 1992 மகளிர் தினத்துக்கு டவுன்ல 1500 பொம்பளைக சைக்கிள்ல ஊர்வலம் போனோம், அதுல நானும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கெடைக்காது, கெடச்சாலும் வேணாம்போம், ஜென்ட்ஸ் சைக்கிள்னா முன்னாடி பார்ல புள்ளய வச்சுக்கலாம்ல. பின்னால நீயும் அந்த பார்ல துண்டு சுத்தி உக்காந்து வந்தவதான். அது எல்லாம் போட்டோவுல இருக்கு. போட்டோவுல இல்லாதது ஒங்கப்பா. நான் நல்லா ஓட்டப் பழகுன பெறகும் ஒரு மாசம் அந்த மனுசன் கேரியர விடல. சாயங்காலம் கம்மாக்கரையில நான் மிதிக்க மிதிக்க பின்னாடியே ஓடி வருவாரு, ஊரு என்ன சொல்லுமோ, இவ விழுந்து வச்சா நம்மள சிரிப்பாங்களோன்னு. ஒரு நாள் பொறுக்க முடியாம விடுங்கன்னு கத்துனேன். விட்டுட்டாரு. நான் நேரா போய் கருவ மரத்துல விழுந்தேன். முழங்கையில தழும்பு இருக்கே, எங்கம்மா அடிச்சதுன்னு ஒன்கிட்ட சொல்லி வச்சிருக்கேனே, அது இதுதான்.

அதுக்கப்பறம் அவர் கேரியர புடிக்கவே இல்ல. நான் ஏன் கத்துனேன்னு சொல்லவும் இல்ல, அவர் கேக்கவும் இல்ல, போயே சேந்துட்டாரு. முதுகுல ஒரு கை இருந்தா ஓட்டறது நானா புடிச்சிருக்கவங்களான்னு எனக்கு தெரிய மாட்டேங்குது பாப்பா, அவ்ளோதான் விசயம். ஒன் மேல கோவம் ஒரு துளி இல்ல.

பெறகு ரெண்டு பெண்ட் உருட்டிக்கிட்டே வந்து ஏழாவது பெண்ட்ல, அந்த டச்சுக்காரங்க ஆரஞ்சு சட்டைக் கூட்டத்துல, பேசாம நின்னோம். வோலரிங்கும் ரூயாக்கர்ஸும் ஒண்ணா போனாங்க, ரெண்டும் டச்சுப் புள்ளைகளாம், காது கிழிஞ்சுது. அப்பறம் மொத்தக் கணக்குல முன்னாடி இருக்கவ போடற மஞ்ச சட்டையில போலந்துக்காரி நியெவியாதோமா வந்தா, வாயத் தொறந்துக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு. வோலரிங் ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி அம்னெவில்ல விழுந்து மஞ்ச சட்டைய எழந்தவ, அன்னைக்கு காலையில நியெவியாதோமாவுக்கு 1 நிமிஷம் 15 செகண்ட் பின்தங்கி இருந்தா. அன்னைக்கு ரேஸ்ல மேல போய் ஜெயிச்சது வோலரிங்தான், அதுக்கு போனஸா அவ நேரத்துல 10 செகண்ட் வேற கழிச்சாங்க, நியெவியாதோமா 1 நிமிஷம் 1 செகண்ட் கழிச்சு கோட்டத் தொட்டா. நீ வெரல் விட்டு கணக்கு போட்டு "நாலு செகண்ட்மா!"ன்னு என் கையப் புடிச்ச, ஏழு நாள் ஓட்டி நாலே செகண்ட்ல அந்த போலந்துப் புள்ள டூர ஜெயிச்சுட்டா. ஆம்பளைக ரேஸ்ல கூட இவ்ளோ கம்மியா வந்ததில்ல, 1989ல 8 செகண்டுதான்னு நீதான் சொன்ன. நீ வோலரிங்குக்காக அழுத, நான் மத்தவளுக்காக சிரிச்சேன், அதுல நமக்குள்ள சண்ட மறந்துபோச்சுன்னு இத்தன நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

வர்றேன். டிக்கெட் போடு. வேணும்னா பக்கத்துல வா, பேசிக்கிட்டே வா, பின்னாடி வராத.

இன்னொண்ணு. அன்னைக்கு பேட்டரி காலியானதுக்கு வாடகைக்காரனத் திட்டுனல்ல? பாவம் அவன். அதுக்கு முந்தின ராத்திரி என் போனுக்கு சார்ஜ் போடறதுக்காக சைக்கிள் ப்ளக்க கழட்டுனது நான்தான். திரும்ப மாட்ட மறந்துட்டேன்.

அம்மா