அப்பாவுக்கு ஒரு கடுதாசி, ராத்திரித் திருவிழா பத்தி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்லா இருக்கேன். பூசாரி மகன் லீவு முடிஞ்சு வந்துட்டான், பருப்புப்பொடி, சீப்புச் சீடை, அப்பாவோட கடுதாசி எல்லாம் பத்திரமா குடுத்துட்டான். சீடை அப்பத்தா கைப்பக்குவம்னு ஒரு கடியிலயே தெரிஞ்சுது, ரூம்ல இருக்கற பயலுகளுக்கு ஆளுக்கு ரெண்டு குடுத்துட்டு மீதியை டப்பால போட்டு கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். போன்ல பேசுனா அப்பாவுக்கு காது கேக்க மாட்டேங்குது, அம்மா நடுவுல நின்னு கத்த வேண்டியிருக்கு, அதனால இனிமே நானும் எழுதியே அனுப்பறேன். பாப்பா, இதைப் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து அப்பா கையில குடு. நீ வாசிச்சுக் காட்டாத, அவரே மெதுவா வாசிக்கட்டும்.

அப்பா, நீங்க பூச்சு வேலை பாத்த பெரிய வீட்டை இடிச்சு தேக்குத் தூணெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. இனிமே கரணையும் தேய்ப்புக் கல்லும் யாருக்கு, பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுறலாம்னு இருக்கேன்னு அடியில ஒரு வரி. அதைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. போட்டுறாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் சுத்தி வந்துதான் சொல்லணும்.

இங்க ஆகஸ்ட் வாக்குல ராத்திரித் திருவிழான்னு ஒண்ணு நடக்கும், சிங்கப்பூர் நைட் ஃபெஸ்டிவல்னு சொல்றாங்க. 2008ல ஆரம்பிச்சது, தேசிய மரபுடைமைக் கழகம் நடத்துது, கொரோனா நேரத்துல நின்னு போயி 2022ல திரும்ப வந்துச்சு. பிராஸ் பாசா, பூகிஸ்னு ஊருக்கு நடுவுல பழைய கட்டடமா இருக்கற ஏரியா முழுக்க ராத்திரி லைட்டு, ஆட்டம் பாட்டம், தெருவுல நாடகம், தீயைச் சுத்தறவங்க, பழைய கதை சொல்லி நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போறவங்க, எல்லாம் இருக்கும். வெளியில இருக்கறதைப் பாக்க டிக்கெட் கிடையாது. பூசாரி மகனுக்கு நைட் ஷிஃப்ட், மத்தவங்களுக்கு காலையில சீக்கிரம் வண்டி, அதனால நான் மட்டும் போனேன். தனியா போனாதான் நின்னு நிதானமா பாக்க முடியுது.

முதல்ல மியூசியம். 1887ல கட்டுனது, வெள்ளைக் கட்டடம், மேல கோபுரம் மாதிரி உருண்டையா டோம். அந்தச் சுவர் முழுக்க படம் ஓட விடறாங்க. திரை கிடையாது, சுவர் மேலயே. எப்படி பண்றாங்கன்னா முதல்ல கட்டடத்தை அளந்து, எந்த ஜன்னல் எங்க இருக்கு, தூண் எவ்ளோ அகலம், வளைவு எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறாங்க, அப்பறம் எதுத்தாப்புல சாரம் கட்டி பெரிய பெரிய ப்ரொஜெக்டரா வச்சு அந்த அளவுக்கு இம்மி பிசகாம வெளிச்சத்தைப் பாய்ச்சறாங்க, ஜன்னலுக்கு உள்ள ஒரு கலரு, தூண்ல ஒரு கலரு, ஒண்ணோட ஒண்ணு கலக்காது. ஒரு நேரம் செங்கல் செங்கலா சுவர் பிரிஞ்சு விழற மாதிரி இருந்துச்சு, பக்கத்துல நின்ன சின்னப் பிள்ளை பயந்து போயி அவங்க அப்பா காலைக் கட்டிக்கிச்சு. நம்ம கண்ணு வயரிங் வேலைக்காரக் கண்ணுல்ல, நான் படத்தைப் பாத்த நேரத்துக்குச் சமமா கேபிளையும் பாத்தேன். ரோட்டை கடக்கற இடத்துல எல்லாம் ரப்பர் மூடி போட்டு, கூட்டம் மிதிச்சாலும் தடுக்காம, மழை பேஞ்சாலும் தண்ணி இறங்காம ப்ரொஜெக்டரை பெட்டிக்குள்ள வச்சு, அவ்ளோ நேர்த்தி. அந்த வேலை பாத்தவங்க பேரு எங்கயும் போர்டுல இல்ல, ஆனா அவங்க இல்லன்னா ஒண்ணும் இல்ல.

சாப்பாடு பத்தி அம்மா கேக்கும். சாப்டுட்டுத்தான் போனேன். அங்க கடையெல்லாம் போட்டிருந்தாங்க, பாக்க நல்லா இருந்துச்சு, எனக்கு பசியில்ல. ரூம்ல சோறு பொங்கி, வாரத்துக்கு ஒரு நாள் தேக்கா மார்க்கெட்ல கறி எடுத்து, மத்த நாள் பருப்பு, முட்டைன்னு நல்லாத்தான் சாப்பிடறேன். இப்ப உன் பருப்புப்பொடி வேற இருக்கு, கவலையே இல்ல.

பக்கத்து வீட்டு சீன ஆயாவைப் பத்தி சொல்லியிருக்கேன்ல, காரிடார்ல எள்ளு போட எடமில்லாம செடித்தொட்டி வச்சிருக்கறவங்க, விடியறதுக்கு முன்னாடியே வாசலைக் கழுவறவங்க. நான் ராத்திரி எந்நேரம் வந்தாலும் கம்பிக் கதவுக்குள்ள இருந்து சாப்டியான்னு மலாய்ல கேட்டுட்டுத்தான் லைட்டை அணைப்பாங்க. இந்த மாசம் சீனங்களுக்கு ஏழாம் மாசம், செத்துப் போனவங்க வீட்டுக்கு வர்ற மாசம்னு கீழ புளோக்குக்கு முன்னாடி இரும்புத் தொட்டியில காகிதத்துல செஞ்ச பணம், சட்டை, போன் எல்லாம் எரிக்கறாங்க, சாப்பாடு படைக்கறாங்க. ஆடி அமாவாசைக்கு நாம அய்யாவுக்கு படைக்கறது ஞாபகம் வந்துச்சு. நான் திருவிழாவுக்குப் போறேன்னு சொன்னதும் ஆயாவுக்கு கோவம். இந்த மாசம் ராத்திரியில சுத்தாத, ரோட்டு ஓரத்துல நடக்காத, யாராச்சும் பின்னாடி கூப்ட்டா திரும்பாதன்னு ஒரே கண்டிப்பு. அப்பறம் அவங்களே கதவு வரைக்கும் வந்து, அந்தப் பக்கம் கான்வென்ட் ஒண்ணு இருக்கும், நான் படிச்சது அங்கதான், ஒரு போட்டோ எடுத்துட்டு வான்னாங்க.

அந்த கான்வென்ட் இப்ப ஸ்கூல் இல்ல. 1854ல பிரான்ஸ் நாட்டு கன்னியாஸ்திரிங்க ஆரம்பிச்சது, 1983ல ஸ்கூல் தோ பாயோ பக்கம் மாறிப் போச்சு, இப்ப உள்ள ஓட்டலும் கடையுமா இருக்கு, சைம்ஸ்னு பேரு. 1904ல கட்டுன சர்ச் இன்னும் அப்படியே நிக்குது. வெளிச் சுவர்ல ஒரு சின்ன வாசல் இருக்கு, அந்தக் காலத்துல வளக்க முடியாதவங்க கைக்குழந்தையைக் கொண்டாந்து அங்க வச்சுட்டுப் போயிடுவாங்களாம், கன்னியாஸ்திரிங்க எடுத்து வளப்பாங்களாம். நான் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுனேன். ஆயா போனை வாங்கி பெருசு பண்ணி பெருசு பண்ணி ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தாங்க. மறுநாள் காலையில எங்க வாசல்ல ஒரு பை ஆரஞ்சு.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். வாட்டர்லூ ஸ்ட்ரீட்னு ஒரு தெரு, அதுல 1870ல இருந்து நம்ம கிருஷ்ணன் கோயில் இருக்கு, கொஞ்சம் தள்ளி அதே வரிசையில சீனங்களோட குவான் இன் அம்மன் கோயில். அங்க கும்பிட்டு முடிச்ச சீனங்க நேரா நம்ம கோயிலுக்கும் வந்து ஊதுபத்தி கொளுத்தி கும்பிட்டுட்டுத்தான் போறாங்க. அவங்களுக்குன்னு வாசல்ல ஊதுபத்தி வைக்க தொட்டியே இருக்கு. உன் மூட்டு வலிக்கும் பாப்பா கல்யாணத்துக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்.

இப்ப அப்பாவுக்கு. அந்தத் திருவிழாவுல ஒரு அம்மா சின்னக் கூட்டமா ஆளுங்களைச் சேத்து நடத்திக் கூட்டிட்டுப் போயி கதை சொல்லிட்டு இருந்தாங்க, நானும் ஒட்டிக்கிட்டேன். பிராஸ் பாசா ரோட்டுல ஒரு எடத்துல நிறுத்தி, இங்கதான் இந்தியக் கைதிங்களோட ஜெயில் இருந்துச்சுன்னாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. 1825ல இருந்து வெள்ளைக்காரன் நம்ம நாட்டுக் கைதிங்களை கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்திருக்கான், மெட்ராஸ் பக்கத்து ஆளுங்களும் அதுல இருந்திருக்காங்க, வங்காளத்து ஆளுங்களும். ரோடு போட்டது, சதுப்பை மேடாக்குனது, காட்டை வெட்டுனது எல்லாம் அவங்க. 1841 வாக்குல அவங்க ஜெயிலையே அவங்களைத்தான் கட்ட வச்சிருக்காங்க. செராங்கூன் ரோட்டுப் பக்கம் காளவாய் போட்டு செங்கல் அறுத்திருக்காங்க, அந்தச் செங்கலுக்கு 1867ல ஆக்ரா கண்காட்சியில மெடல் குடுத்திருக்காங்க. 1873ல இந்தியக் கைதிங்களை இங்க வைக்கறதையே முழுசா நிறுத்திட்டாங்க, விடுதலையானவங்க நிறைய பேரு இங்கயே தங்கிட்டாங்களாம்.

அதே கைதிங்க கட்டுனதுதான் சிட்டி ஹால் ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா முன்னாடி நிக்கற செயிண்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். அதே எடத்துல முன்னாடி இருந்த சர்ச் மேல ரெண்டு தடவை இடி விழுந்து 1852ல மூடிட்டாங்க, 1856ல புதுசா அஸ்திவாரக் கல்லு வச்சு 1861ல முடிச்சிருக்காங்க. அந்தச் சுவருக்கு என்ன பூச்சுன்னு கைதிங்களுக்கு அதிகாரியா இருந்த மெக்நேர்னு ஒருத்தர் 1899ல எழுதியே வச்சிருக்காராம். அந்த அம்மா சொல்லச் சொல்ல எனக்கு கை நடுங்கிருச்சு அப்பா. மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு. கூட வெல்லம் போட்டு அடிச்சு பசையாக்கி, தேங்காய் மட்டை ஊற வச்ச தண்ணியில கலந்து பூசி, காஞ்சதும் உருண்டைக் கல்லை வச்சு மினுமினுன்னு வர்ற வரைக்கும் தேய்க்கறது, நடு நடுவுல மாக்கல்லு பவுடரைத் தூவிக்கறது. மெட்ராஸ் சுண்ணாம்புன்னே அதுக்கு பேரு.

உங்க வேலை அப்பா. நீங்க அய்யாகிட்ட கத்துக்கிட்ட வேலை. கூட்டத்துல எல்லாரும் முட்டையான்னு ஆச்சரியமா கேட்டாங்க, நான் மட்டும் எங்க அப்பா இதைச் செய்வாருன்னு சத்தமா சொல்லிட்டேன். அந்த அம்மா நின்னு, எப்படி செய்வாருன்னு கேட்டாங்க, கடுக்காய் ஊற வைக்கறது, சுண்ணாம்பைப் புளிக்கப் போடறது, ஒவ்வொரு பூச்சுக்கும் அரவை எப்படி மெலிசாகும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க. தேங்காய் மட்டைத் தண்ணி எதுக்குன்னு கேட்டாங்க, அது எனக்குத் தெரியல, நம்ம பக்கம் நீங்க அதைப் போட்டு நான் பாத்ததில்ல. எதுக்கா இருக்கும்னு எழுதுங்க.

அப்பறம் தனியா போயி அந்தச் சர்ச்சுக்கு வெளிய புல்லுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பெரிய வீட்டுல நீங்க முட்டைப்பூச்சு போட்ட நாளெல்லாம் வெள்ளைக்கரு வேலைக்குப் போக மிச்ச மஞ்சக்கருவைத் தூக்குவாளியில கொண்டு வருவீங்க, அம்மா சின்ன வெங்காயம் போட்டு பொரிக்கும், நாங்க மூணு பேரும் சட்டியைச் சுத்தி உக்காந்திருப்போம், உங்க விரலெல்லாம் சுண்ணாம்பு தின்னு வெடிச்சிருக்கும், அப்பத்தா தேங்காய் எண்ணெய் தடவி விடும். அந்த வாசனையெல்லாம் அங்க வந்துருச்சு. வீட்டுக்கு வரணும் போல இருந்துச்சு அப்பா. உடனே, அந்த நிமிஷமே. கடைசி ரயிலுக்கு நேரமாச்சுன்னுதான் எந்திரிச்சேன்.

அதனால கரணையைப் போடாதீங்க. தேய்ப்புக் கல்லு அய்யா கையில இருந்து வந்தது, அதை அரிசிப் பானைக்குப் பக்கத்துல வச்சிருங்க. பெரியக்கா மகன் ஐடிஐ சேர்ற வரைக்கும் சும்மாதான இருக்கான், அவனைக் கூட வச்சுக்கிட்டு நம்ம பின்கட்டு சுவரை, எவ்ளோ சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு சதுரமாச்சும் பழைய முறையில பூசிக் காட்டுங்க. பாப்பா அதை வீடியோ எடுக்கட்டும், அரவையில இருந்து தேய்ப்பு வரைக்கும் எதையும் விடாம. பழைய வீட்டை ஓட்டலா மாத்தறவங்களுக்கு இப்பவும் இந்த வேலை தெரிஞ்ச ஆள் வேணும், கானாடுகாத்தான் பக்கம் மாமா ஒருத்தருகிட்ட பேசறேன்னு சொன்னாருல்ல, அவரைத் திரும்பக் கேளுங்க. கூலி பேசாம மட்டும் போகாதீங்க.

பணம் இந்த மாசம் கொஞ்சம் முன்னப் பின்ன வரும், கம்பெனியில ஓவர்டைம் கணக்கை மாத்தி போடறாங்க, வேற ஒண்ணும் இல்ல. அம்மா சங்கிலியைத் திருப்ப அவசரப்பட வேணாம், வட்டியை மட்டும் கட்டி மாத்தி வச்சிருங்க, தீபாவளிக்கு முன்னாடி பாத்துக்கலாம். மெத்தை வீட்டு அண்ணன்கிட்ட கைமாத்து கேக்காதீங்க, நான் அனுப்பறேன்.

பாப்பாவைக் கேட்டு வந்திருக்கற இடம் நல்ல இடமா இருக்கலாம், ஆனா பைக்கு வேணும்னு பொண்ணு பாக்கும்போதே சொல்றவங்களை யோசிங்க. பாப்பாவை தனியா வச்சு அம்மா கேக்கட்டும், அவளுக்குப் பிடிச்சாதான். பி.எட் முடிக்கட்டும்.

சித்தப்பா வேலிக்கல்லை நகத்தறதா எழுதியிருந்தீங்க. சண்டை போடாதீங்க, சர்வேயர் வர்ற அன்னைக்கு பெரிய மாமாவையும் தலையாரியையும் கூட நிறுத்திக்கோங்க, பழைய பட்டா நகல் பீரோவுல மேல் தட்டுல பச்சைக் கவர்ல இருக்கு. பின்கட்டு ஓட்டை ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்தணும், எத்தனை ஓடு வேணும்னு எண்ணிச் சொல்லுங்க. காது டாக்டரை மறுபடி பாக்கணும், சாக்கு சொல்லாதீங்க.

பூசாரி மகனோட கூட்டாளி ஒருத்தன் அடுத்த மாசம் ஊருக்கு வர்றான். அப்பத்தாவுக்கு கோடாலித் தைலம், அம்மாவுக்கு மூட்டுக்குத் தடவறது, பாப்பாவுக்கு அவ கேட்ட பேனா செட்டு குடுத்து விடறேன். அவன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குவான், மச்சானை அனுப்பி வாங்கிக்கச் சொல்லுங்க, அவன் நம்பரை பாப்பாவுக்கு அனுப்பறேன். திரும்பி வர்றப்ப அவன்கிட்ட கொஞ்சம் கடுக்காயும் உங்க பதில் கடுதாசியும் குடுத்து விடுங்க, அந்தக் கதை சொல்ற அம்மாவுக்கு கடுக்காயைக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க மகன்