ஐஸ் பிளாண்டின் சூட்டில் கருவாடு: மீன்வளத் துறைக்கும் ஐஸ் பிளாண்ட் உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஐஸ் பிளாண்டுகளுக்குப் பின்னால், சூடான அமோனியா ஆறித் திரவமாகும் கண்டன்சர் குழாய்கள்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதில் போவது காசு கொடுத்து உண்டாக்கிய சூடு. கூப்பிடு தூரத்தில், ஆனி ஆடி மழையில் நெத்தோலி காயாமல் புழு வைக்கிறது. இரண்டையும் ஒரு குழாயில் இணைக்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம்.

30 டிகிரி தண்ணீரை ஒரு டன் ஐஸாக்க, மின்சார யூனிட் கணக்கில், சுமார் 130 யூனிட் சூட்டை எடுக்க வேண்டும். அமோனியா வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் இழுக்கும் 50 யூனிட்டும் சூடாகித்தான் வெளியேறும். இந்த 180-இல் பெரும்பகுதி 40 டிகிரியைத் தாண்டாது. கம்ப்ரசரை விட்டு 100 டிகிரிக்கு மேல் வரும் அமோனியா ஆறும் முதல் கட்டத்தில்தான் 55 டிகிரி வெந்நீர் எடுக்கலாம். அது பத்தில் ஒரு பங்கு. 20 டன் பிளாண்டுக்கு நாளொன்றுக்கு 350 யூனிட். ஒரு கிலோ ஈரம் போக்க, விரயத்தோடு 1.2 யூனிட் வைத்தால், சுமார் 290 கிலோ ஈரம் போகும்; அதாவது 400 கிலோ பச்சை நெத்தோலி காயும்.

அமோனியாவின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வெப்பமாற்றியை, கம்ப்ரசர் எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் செபரேட்டருக்கு அடுத்து வையுங்கள். இரட்டைச் சுவர் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். செம்பையும் பித்தளையையும் அமோனியா தின்றுவிடும். குழாய்ச் சரிவு கண்டன்சர் பக்கம் இருக்கட்டும், நடுவில் ஒருவழி வால்வும் வேண்டும். திரவ அமோனியா திரும்பி வந்தால் கம்ப்ரசர் வால்வு உடையும். வெந்நீர்ச் சுற்றில் மென்னீரை (கடினத்தன்மை நீக்கிய நீரை) நிரப்பி மூடிவிடுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டால் உப்புப் படியும். மீன் காயவைக்கும் கூடத்துக் காற்று 45 டிகிரி போதும். 29 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று அந்தச் சூட்டில் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் மீன் வெந்து உதிரும். வெந்நீரால் காற்றைச் சூடாக்கும் ரேடியேட்டரில் அலுமினியத் தகடு வைத்தது கடற்காற்றில் அரித்துப்போகும், வாங்காதீர்கள்.

டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படிக் குழாய்வழியேதான் சூடு போகிறது, கிலோமீட்டர் கணக்கில். நமக்கு அந்தத் தூரம் ஆகாது. நன்றாக உறை போட்டாலும் போகவர 200 மீட்டரில் நாளுக்கு 40 யூனிட் வீணாகும். எனவே காய்ப்புக் கூடம் பிளாண்டிலிருந்து 100 மீட்டருக்குள் அமையட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. ஐஸ் விற்காது, சூடும் இராது. ஆனால் தடையில்லாத வள்ளங்கள் கொண்டுவரும் மீன் மழையில் காய வேண்டுமே! அந்த மாதங்களில்தான் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் நன்றாகச் சுழல்கின்றன. அதே கூடத்தில் மின்சாரத்தால் காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஒரு ஹீட் பம்பும் வைத்து அந்த மின்சாரத்தில் ஓட்டலாம்.

டெண்டர் விடுமுன் ஒவ்வொரு பிளாண்டிலும் ஒரு வாரம் கம்ப்ரசர் ஓடும் நேரத்தையும் டிஸ்சார்ஜ் வெப்பநிலையையும் (கம்ப்ரசரை விட்டு வரும் அமோனியாவின் சூட்டையும்) குறித்துத் தாருங்கள். வெந்நீருக்கு மீட்டர் வைத்து யூனிட் விலையை முதலிலேயே பேசி முடியுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் குளிர்பதனத் தொழில்நுட்பர்கள் சிலர்