நட்சத்திரமும் நோயாளிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய விளையாட்டு வீரர் ஒருவர் போதைப்பொருளில் சிக்கினால், நேற்று வரை அவரைக் கடவுள் என்றவர்களே முதலில் கல்லெறிகிறார்கள். இது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

அர்ஜென்டினா கால்பந்து வீரர் மரடோனாவைப் பாருங்கள். நேப்பிள்ஸ் நகரின் நேப்போலி அணிக்கு 1987இலும் 1990இலும் இத்தாலிய லீக் பட்டத்தை வாங்கித் தந்தவர். 1991இல் கோகெய்ன் பரிசோதனையில் சிக்கி 15 மாதத் தடை பெற்றார். அந்தப் பழக்கம் அவருக்கு பார்சிலோனாவில் ஆடிய காலத்திலேயே தொற்றியது. பந்து அவர் காலில் இருந்தவரை அவருடைய உடல்நிலையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? தடை வந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒழுக்கம் ஞாபகத்துக்கு வந்தது. 2020இல் அவர் இறந்ததும் அதே நகரம் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தது. சரி, அந்த அன்பில் கொஞ்சம் அவர் தவித்த நாட்களில் கிடைத்திருக்கக் கூடாதா!

ஊக்கமருந்து எடுத்து ஏமாற்றுவது வேறு, அடிமைத்தனம் வேறு. முன்னதற்குக் கடும் தண்டனை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பின்னது நோய். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2021 விதிகளே இந்த வேறுபாட்டை ஏற்கின்றன: போட்டிக்கு வெளியே, ஆட்டத்திறனுக்குத் தொடர்பின்றி கோகெய்ன் எடுத்ததை வீரர் நிரூபித்தால் தடை 3 மாதம்தான். சிகிச்சையை முடித்தால் அது ஒரு மாதமாகவும் குறையலாம்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, வீரரின் பழைய விருந்துப் படங்களுக்குப் பதிலாக இந்த விதியை நம் நாளிதழ் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்