என்ன மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்: அப்டேட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விண்டோஸ் போன்ற இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கும், அதைவிட முக்கியமாக, அதன் அப்டேட்டை யாருக்கு எப்போது அனுப்புவது என்று முடிவெடுக்கிறவர்களுக்கும் இந்த மடல். நான் மென்பொருள் எழுதுகிறவன் அல்ல. நீங்கள் அனுப்பியது இறங்கிய மறுநாள், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற இடத்தில் இருப்பவன்.

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுவைத்திருந்த கணினிகள் தப்பின. அதனால்தான் "அப்டேட்டை ஒரேயடியா நிறுத்திடுங்களேன்" என்று கேட்கிறவர்களிடம் இன்றுவரை மாட்டேன் என்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை ஏதாவது படுக்கும்போதும் என் பேச்சுக்கு மதிப்புக் குறைகிறது. அந்தக் கணக்கில் உங்கள் பங்கு பெரிது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். அப்டேட் முடிந்து கணினி எழுந்துகொள்கிறது. வைஃபை குறியைக் காணவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் அடாப்டர் மேல் மஞ்சள் முக்கோணம். உள்ளே போய், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் தேதியைப் பார்த்தால்தான், இயங்குதளத்தோடு டிரைவரும் மாறியிருப்பது தெரிகிறது. 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் மங்கிக் கிடக்கிறது. திரும்பிப் போக அங்கே பழைய டிரைவர் இல்லை. சரி, சிஸ்டம் கோப்புகளையாவது பார்ப்போம் என்று அவற்றைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை ஓட்டினால், பழுதான கோப்புக்கு நல்ல பிரதியை அது இணையத்தில் தேடுகிறது. இணையம் போனதுதானே ஐயா பிரச்சினையே! கடைசியில் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து), கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கினால் வேலை முடிந்தது. தெரிந்தவருக்கு அரை மணி நேரம். தெரியாதவருக்கு 'கணினி கெட்டுப்போச்சு', அவ்வளவுதான்.

இதில் டிரைவர் உடைந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான கணினிகள், எண்ணற்ற வன்பொருள் சேர்க்கைகள். எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்க யாராலும் ஆகாது. 'டிரைவரையும் மாற்றினேன்' என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அங்கே போயிருக்கலாம். அப்டேட் ஹிஸ்டரியில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அப்டேட்டின் அடையாளமான ஒரு கேபி எண்ணும் ஒரு தேதியுமாக. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் உதவியே தேவையில்லை.

(இடையில் ஒன்று. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. வேகமாக எழவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸின் உள்மையம் உறங்குகிறதே தவிர அணைவதில்லை. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதை அந்த மெனுவிலேயே எழுதிவைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?)

பிழைச் செய்திக்கு வருகிறேன். 2024 ஜனவரி 9 அன்று வந்த கேபி5034441 பல விண்டோஸ் 10 கணினிகளில் நிறுவ முடியாமல் நின்றது. திரையில் தெரிந்தது 80070643 என்று முடியும் ஓர் எண். 'நிறுவல் தோல்வி' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உண்மைக் காரணமோ எளிமையானது: ரெக்கவரி பார்ட்டிஷனில் (கணினியை மீட்க வட்டில் ஒதுக்கிய பகுதி) 250 எம்பி காலியிடம் வேண்டும், அது இல்லை. பிழையைக் கையாளும் பகுதியிலேயே கோளாறு, அதனால் 'இடம் போதவில்லை' என்பதற்குப் பதிலாக வேறு எண் காட்டப்படுகிறது என்று மைக்ரோசாஃப்டே பிறகு ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை பேர் கேஷ் கோப்புறையை அழித்து, சர்வீஸ்களை நிறுத்தி ஓட்டி, விண்டோஸையே மீண்டும் நிறுவியிருப்பார்கள்! காரணம் வெளிவந்த பின் சொல்லப்பட்ட தீர்வோ, கட்டளைத் திரையைத் திறந்து வட்டைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவி மூலம் பார்ட்டிஷனைச் சுருக்குவது. ஓர் இலக்கம் தவறினால் வட்டில் இருப்பது போய்விடக்கூடிய வேலை அது. அதைக் கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டுமே கணினியைத் தொடுகிறவரிடம் ஒப்படைப்பது எந்த ஊர் நியாயம்?

கேட்கிற காதும் வேண்டும். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலர் தாங்களே டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றிவைத்திருந்த நிலையில், பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை அழித்தது. நான்கே நாளில் அது நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று மறுபடி வந்தது. இதில் என்னை உறுத்துவது வேறு: முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்கள் சிலர் கோப்பு காணாமல் போவதை முன்பே புகாராக எழுதியிருந்தார்கள். நிறைய வாக்கு விழுந்த புகார்களுக்கு நடுவே அவை மேலே வரவில்லை. பிறகுதான் 'பாதிப்பு எவ்வளவு கடுமை' என்று குறிக்க அந்தப் புகார்ப் பெட்டியில் வழி செய்யப்பட்டது. கோப்பை இழந்தவர் ஒருவராக இருந்தாலும் அது முதல் வரிசைப் புகார் என்பதற்கு இவ்வளவு நாளா ஆக வேண்டும்?

முடியாததைக் கேட்கவில்லை. ஆண்ட்ராய்டு 7.0 வந்த 2016 முதலே இரட்டை இட முறை இருக்கிறது. புதிய பதிப்பு ஓர் இடத்தில் ஏறும். பழையது இன்னோர் இடத்தில் அப்படியே இருக்கும். புதியது எழ மறுத்தால் போன் தானாகப் பழையதற்குத் திரும்பும். லினக்ஸ் விநியோகங்கள் பலவற்றில் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்) கணினி எழும்போது வரும் பூட் மெனுவிலேயே காத்திருக்கிறது. மேசைக் கணினிக்கு மட்டும் ஏன் இந்த வறுமை? விண்டோஸ் 10 வந்த புதிதில் பெரிய அப்டேட்டிலிருந்து பின்வாங்க 30 நாள் தந்தார்கள். 2016-இல் அது 10 ஆனது. மாதத்துக்கு ஒரு முறை பிரிண்டரைத் தொடுகிறவருக்கு அது உடைந்தது தெரியும்போது பதினோராம் நாள் கடந்திருக்கும். எத்தனை நாள் பழையதை வைத்திருப்பது என்று நிறுவும்போதே கேளுங்கள். இடம் போதாது என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். இப்போது வரும் பல கணினிகளில் வட்டுக் குறியாக்கம் (வட்டில் இருப்பதைச் சாவியிட்டுப் பூட்டுவது) தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் சில கணினிகள் நீலத் திரையில் நின்று அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்டன. 48 இலக்கம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு அந்த நிமிடம்தான் தெரியும். அது எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கணக்கின் கடவுச்சொல் என்ன என்று தேடும் நிலையில் யாரும் இருப்பதில்லை. பூட் தொடர்பான எந்த அப்டேட்டையும் இறக்குமுன், 'உங்கள் ரெக்கவரி கீ இந்தக் கணக்கில் இருக்கிறது, இப்போதே திறந்து பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு திரை காட்டுங்கள். பார்த்தேன் என்று அவர் குறிக்கும்வரை ரீஸ்டார்ட்டைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்டேட்டுக்கு மறுநாள் வேலை வருகிற ஒருவன்